எறும்பும் பாஸ்

கெடார்
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேணி எழுதுகிறேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வைக்காத நாளில் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அதனால்தான் தபால். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

உன் பிளஸ் டூ ரிசல்ட்டை அத்தனை பேர் முன்னால் நான் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது. "இயற்பியல், தோல்வி" என்று செய்தி வாசிப்பவளைப் போல வாசித்தேன். மறுநாளே சொல்லிக்கொள்ளாமல் திண்டிவனத்துக்கு, அம்சா சித்தி வீட்டுக்குப் போய்விட்டாய். ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததைக்கூட அம்மா சொல்லித்தான் தெரியும்.

எங்கள் பள்ளிச் சுவரில் ஐ.டி.ஐ. சேர்க்கை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எலக்ட்ரீசியன் படிப்புக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பன்னிரண்டில் தோற்றவர் வரக் கூடாது என்று எங்குமே இல்லை. மூன்று முறை படித்தேன். பத்தில் நீ வாங்கிய மார்க் அழிந்துபோகவில்லை, அக்கா. நம் மோட்டார் ஸ்டார்ட்டரைச் சரிசெய்தவள் நீதானே?

பெண்களுக்கு வயது உச்சவரம்பும் கிடையாது. வயர்மேன் படிப்புக்கு எட்டாவதே போதும் என்று அம்மாவையும் கூப்பிட்டேன். "நான் கரண்டு புடிக்கப் போய்ட்டா மல்லாட்டைக் கொல்லையில களை எடுக்க உங்கப்பாவா வருவாரு?" என்கிறாள். அப்பாவோ, "பெயிலானவளுக்கு எவன் சீட்டு குடுப்பான்?" என்று முடித்துவிட்டார்.

உன்
வேணி

திண்டிவனம்
13.6.2025

வேணிக்கு,

கிழிக்கவில்லை. அதற்காகக் கோபம் போய்விட்டதாக நினைக்காதே.

நாள் முழுக்க நின்றபடி புடவை மடிக்கிறேன். கொஞ்சம் உட்கார்ந்தால் சூப்பர்வைசர், "இன்னாம்மா, பொண்ணு பாக்க வந்துக்கிறாங்களா?" என்கிறார். உன் கடிதத்தைச் சித்தியிடம் காட்டினேன். அன்றைக்கே விண்ணப்பம் போட வைத்துவிட்டார்.

24ஆம் தேதி அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று காட்டாவிட்டால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும். டி.சி. என்னிடம் இருக்கிறது. பத்தாவது மார்க் ஷீட் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பு. ஒரு மடிப்பு விழக் கூடாது. மடிப்பெல்லாம் இங்கேயே போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன்.

ரோஜா

கெடார்
17.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சூப்பர்வைசர் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்.

மார்க் ஷீட்டில் மடிப்பு இல்லை. ஆனால் பளபளப்பாக இருக்கும். போன வருடம் கட்டுரைப் போட்டியில் கிடைத்த பரிசுப் பணத்தில், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் அதை லேமினேஷன் செய்துவிட்டேன். மழையில் பெட்டி நனைகிறதே என்றுதான். உன் பிறந்த நாளுக்குக் காட்டலாம் என்று வைத்திருந்தேன், மறந்தும் போனேன். கணக்கு மார்க்குக்குப் பக்கத்தில் ஓர் எறும்பு உள்ளே மாட்டிக்கொண்டது. கடைக்காரர், "எறும்புதான, மார்க்கையா துன்னுடப் போவுது?" என்றார்.

இந்த வாரம் என் மார்க் ஷீட்டைக் கொடுக்கும்போது பள்ளி கிளார்க், "யாரும் லேமினேட் பண்ணிக்கினு வராதீங்க. ஒரு எடத்துலயும் எடுத்துக்க மாட்டாங்க" என்றார். வீட்டுக்கு ஓடி வந்தேன். இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி ஓரத்தை உரித்துப் பார்த்தேன். தாளும் சேர்ந்து வந்தது. உன் பெயருக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டேன்.

முதலில் உன் தோல்வியைச் சத்தமாகப் படித்தேன். இப்போது உன் தேர்ச்சியை மூடி ஒட்டிவிட்டேன். சீட்டு கிடைக்காவிட்டால் நீ என்னோடு பேசவே வேண்டாம்.

வேணி

திண்டிவனம்
24.6.2025

என் வேணிக்குட்டிக்கு,

சீட்டு கிடைத்துவிட்டது. எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி.

உன் தபால் வந்த நாளிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. இன்று வரிசையில் மார்க் ஷீட்டைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றேன். மேஜையில் இருந்த மேடம் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"லேமினேஷன் பண்ணி வச்சிக்கிறியேம்மா?"

"தங்கச்சி பண்ணிட்டா மேடம். ஆசையா."

"ஊட்டுக்கு ஒரு தங்கச்சி இருக்குது போல. காலையிலேர்ந்து இது பதினொன்னாவது."

நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். என் மார்க்கெல்லாம் அப்படியே வந்து நின்றது. முத்திரையை ஜெராக்ஸ் பிரதியில் குத்தினார். திருப்பிக் கொடுக்கும்போது எறும்பைப் பார்த்துவிட்டார். "இது இன்னாம்மா, இதுவும் கணக்குல பாஸா?" வரிசையே சிரித்தது. நானும்தான். ரிசல்ட் வந்த பிறகு நான் சிரித்தது இன்றைக்குத்தான்.

வேலையை விடுவதாகக் கடையில் சொல்லிவிட்டேன். "ஃபேன் ஓடலன்னா உன்னத்தான் கூப்புடுவேன்" என்றார் சூப்பர்வைசர். "வர்றேன் சார். ஒரு சேர் மட்டும் போட்டு வைங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் நீ ஒன்று செய். அன்றைக்கு இருந்த எல்லாரையும் கூப்பிட்டு, அப்பாவை முன்னால் உட்கார வைத்து, இந்தக் கடிதத்தைப் படி. செய்தி வாசிப்பவளைப் போல. சத்தமாக.

உன் அக்கா,
ரோஜா
எலக்ட்ரீசியன், முதலாம் ஆண்டு