தங்கச்சி மகளுக்கு ஒரு கோடிச் சேலை

நீ செவ்வாய்க்கிழமை இறந்தாய். நுரையீரலில் நோய் என்று உன் பழைய அதிகாரி போனில் சொன்னார். நேற்று உன் உடம்பின் மேல் தாய்மாமன் கோடியை நான்தான் போர்த்தினேன். விலை பேசாமல் வாங்கிய புதுச் சேலையின் கஞ்சி வாசம் இன்னும் கையில் இருக்கிறது. "நீங்க யாரு?" என்று உன் வீட்டார் கேட்டார்கள். "மாமன் முறை" என்றேன். மேலே விளக்கத் தெம்பில்லை.

நீ பொலிஸ்காரி. மஹய்யாவயில் என் கராம்புக் கடையில் கப்பம் வாங்கிவந்த போதைத்தூள்காரன், தன் நோயாளித் தாயைப் பார்க்க நம்பிக்கையான பெண் கேட்டான். வேவு பார்க்க வந்த உன்னைத் தங்கை மகள் என்று சொல்லி அவனுடைய குண்டசாலை வீட்டில் விட்டேன். நியாயத்துக்காக இல்லை, கப்பம் கட்டிக் களைத்திருந்தேன்.

ஹுன்னஸ்கிரியவில் தங்கை, செத்துப்போன மச்சான் எல்லாம் அதிகாரியும் நானும் ஜோடித்தவை. கல்யாணமாகாத என் மகனை மறந்துவிட்டோம். அதிகாரி சிங்களவர், நம் முறை அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் அவன் உன்னையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். கதிரையை இழுத்துப் போட்டு, சிரிக்காமல் கேட்டான்: "முதலாளி, ஒங்க வீட்ல முறைமாப்பிள்ளை சும்மா இருக்கான். இவ ஏன் எங்க வீட்ல வேலை பாக்குறா? அம்மா கேக்குறாங்க."

நான் தராசுத் தட்டைத் துடைத்தேன். அவன் இடுப்பில் என்ன இருந்தது என்று உனக்கும் தெரியும்.

நீ சாக்கிலிருந்து ஒரு கராம்பை எடுத்தாய். "மாமாட்டயே கேளுங்க. அப்பா இல்லாத பிள்ளைக்கு இருபது பவுன் கேட்டாரு. எண்ணெய் வருதான்னு கராம்பக் கிள்ளிப் பாக்குற மாதிரி எங்கம்மாவக் கிள்ளிப் பாத்தாரு."

அவன் வெடித்துச் சிரித்தான். "நீங்க கஞ்சன்னு தெரியும் முதலாளி. கூடப் பொறந்தவகிட்டயுமா?"

நான் தலையைக் குனிந்தேன். நடிப்பு தேவைப்படவில்லை. எனக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் அவன் நம்பினான், நீ பிழைத்தாய்.

இன்னும் ஐந்து மாதம் அங்கே இருந்து அவனை உள்ளே அனுப்பினாய். பிறகு மாற்றலாகிப் போனாய். நான் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. கடையை விட்டு வர முடியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பேசியதில் பாதியைத்தான் காப்பாற்றினேன்.

அவன் வந்துபோன அதே வாரம் ஏலக்காய் வாங்கத் தனியாக வந்தாயே, அன்று பேசியதை.

"பயமா இருக்கு மாமா. பாதியில கழட்டி விட்றாதீங்க. வேலை முடிஞ்சாலும் நீங்கதான் மாமன்."

"ஒரு வருசத்துக்கு" என்றேன், பேரம் பேசும் வாய்ப் பழக்கம்.

"நான் சாகுற வரைக்கும். செத்தா ஒரு கோடி."

"பட்டா?"

"நூல் சேலை போதும். ஆனா கடையில வெலை பேசாம வாங்கணும்."

சரி என்றேன்.