சொசேஜஸ் பக்கற்றில் நிறம் இல்லை

வியாழன் இரவு, வெள்ளவத்தை

தூங்க வேண்டிய நேரத்தில் டயரி எழுதிக்கொண்டிருக்கிறேன். மனது அடங்கவில்லை.

காலநிலைக்கு எவ்வளவு பாதிப்பு என்று காட்டும் நிற அடையாளத்தை எங்கள் கம்பனி சோயா பக்கற்றில் போட்டுவிட்டது. பச்சை, பாதிப்புக் குறைவு. எங்கள் மாட்டிறைச்சி சொசேஜஸுக்கு நான் பார்த்த கணக்கில் சிவப்பு வந்தது, பாதிப்பு மிக அதிகம்.

"அதுக்குப் போட வேண்டாம், பிள்ளை. கட்டாயமில்லைத்தானே. தன்ர தலையில ஆராவது மண் அள்ளிப் போடுவினமோ?" என்றார் மனேஜர். இன்றைய கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலை லிஃப்டில் மேல்வீட்டு ரிஸ்மியா ஆன்ட்டி இரண்டு பக்கற்றையும் தூக்கிக் காட்டினார். "மகள், இதுல பச்சை இருக்கி. சொசேஜஸ்ல ஒண்டுமே இல்ல. அப்ப அதுல பிரச்சின இல்லத்தானே?"

"ஓம், ஆன்ட்டி" என்றேன். அதற்குள் என்னுடைய மாடி வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். என் சம்பளத்தில்தான் வாடகை போகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

காலையில் மனேஜரின் அறைக்குப் போவேன். கூட்டத்தில் சொல்லாததைச் சொல்வேன்: சேர், அந்தச் சிவப்பையும் போடுங்கோ.