நான்காவது கணினி

மார்ச் 3, செவ்வாய்

ஒரு நோயாளிக்குப் பரிசோதனை முடிவை அனுப்பிய மெயில், வேண்டாதவை போய் விழும் ஸ்பாம் பெட்டியில் கிடந்திருக்கிறது. இருபத்திரண்டு நாள். கட்டி பெரிதான பிறகு அந்த அம்மாள் வந்து சொல்கிறார்: "அப்படி ஒரு பெட்டி இருக்குன்னே எனக்குத் தெரியாதே தம்பி." வரவேற்பறை மொத்தமும் என்னைப் பார்த்தது. ஆஸ்பத்திரிக் கணினிகளுக்கு நான்தானே பொறுப்பு. எங்கள் மெயில் ஸ்பாமுக்குப் போகாமலிருக்க டொமைனுக்கு, அதாவது எங்கள் மெயில் முகவரிக்கு, அங்கீகாரம் வேண்டும் என்று போன வருஷமே இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படிக்கவில்லை. மேனேஜராம்! எனக்குக் கீழே வேலை பார்த்தவன், எனக்கு வர வேண்டிய நாற்காலியில்.

மார்ச் 4

மூன்று வரி வேலை. எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமையுள்ள கணினிகளின் பட்டியல் ஒன்று. ஒவ்வொரு மெயிலுக்கும், போலியில்லை என்று காட்டும் மறைக் கையொப்பம். இவை பொருந்தாத மெயிலை, பெறுகிற இடம் என்ன செய்வது என்ற கட்டளை: 'கவனி' அல்லது 'நிராகரி'. முதலில் 'கவனி' போட்டு, எந்தெந்தக் கணினி எங்கள் பெயரில் அனுப்புகிறது என்று வரும் அறிக்கைகளை இரண்டு வாரமாவது படிக்க வேண்டும். மேனேஜரிடம் சொன்னேன்.

"பாத்துக்கிட்டே இருக்கவா சார் சம்பளம்? வெள்ளிக்கிழமைக்குள்ள நிராகரின்னு போடுங்க."

எழுத்தில் கேட்டேன். மெயிலில் வந்தது. அச்செடுத்து டிராயரில் பூட்டினேன்.

மார்ச் 6, வெள்ளி

புதன்கிழமையே 'கவனி' போட்டிருந்தேன். வந்த அறிக்கையில் நான்காவதாக ஒரு கணினி. அவன் தந்த பட்டியலில் மூன்றுதான். தேடினேன் — அவனே வைத்து, பாராட்டு வாங்கிய நினைவூட்டல் கணினி! தினமும் ஒரு சோதனை மெயில் விடும்; ஞாயிறு காலை பத்து மணிக்கு, அந்த வாரம் சிகிச்சைக்கு வர வேண்டியவர்களுக்கு மெயில் அனுப்பும். மறந்துவிட்டான்.

சொல்லவில்லை. 'நிராகரி' போட்டேன். சொன்னதைத்தானே செய்தேன்?

மார்ச் 7

மனைவியிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவர் மேல கோபம், சரி. மெயிலுக்குக் காத்திருக்கிறவங்க உங்களை என்ன பண்ணாங்க?"

ஆறு வருஷமாக என் புலம்பலைக் கேட்டவள். இவளுக்குக்கூடவா புரியாது?

மார்ச் 8, ஞாயிறு

காலை ஒன்பது இருபதுக்கு ஆபீஸ். நான்காவதைப் பட்டியலில் சேர்த்தேன். எல்லா இடத்துக்கும் பரவ ஒரு மணி நேரம் ஆகும். மெயில் பத்துக்கே கிளம்பிவிடும். நிறுத்தலாம் என்றால் அந்தக் கணினியின் கடவுச்சொல் அவனிடம். நான்கு முறை அழைத்தேன், எடுக்கவில்லை.

பத்து மணி ஒரு நிமிஷம். முதல் மெயில் திரும்பி வந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் — ஐயோ, வரிசையாக. பத்து இருபதுக்குத்தான் நின்றது. முப்பத்தொன்று.

அவசரத்துக்குக் காகிதம் கிடைக்கவில்லை. டிராயரில் இருந்ததன் பின்பக்கம் முப்பத்தொரு நம்பரும் எழுதி அழைக்க ஆரம்பித்தேன். "நாளைக்கு உங்களுக்கு ஊசி இருக்கு, வெறும் வயித்துல வரணும்..."

ஐந்தாவது அழைப்பில் அவன் வந்து நின்றான். "என்ன சார், அத்தனை மிஸ்டு கால்?"

சொன்னேன். "நாலாவது இருக்கிறது தெரிஞ்சேதான் போட்டேன்."

அவன் முகம் வெளுத்தது. திட்டுவான் என்று நின்றேன். நாற்காலியை இழுத்தான். "அதை அப்புறம் பேசிக்கலாம். பாதியைக் குடுங்க."

காகிதத்தை இரண்டாகக் கிழித்தேன். தன் பாதியைத் திருப்பிப் பார்த்தான். அவன் எழுதிய வரிகள். மறுபடி நம்பர் பக்கம் திருப்பினான்.

மார்ச் 9

விளக்கம் கேட்டு மேனேஜரிடமிருந்து மெயில். இன்பாக்ஸில்தான் வந்தது.

மார்ச் 12

விளக்கத்தில் எதையும் மறைக்கவில்லை. இப்போதும் அவனைப் பிடிக்கவில்லை. மதியம் அவன் தன் பாதிக் காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். எல்லா நம்பரிலும் டிக். என்னுடையதில் ஒன்று பாக்கி, சனிக்கிழமை வர வேண்டியவர். நான்கு நாளாக எடுக்கவில்லை. சாயங்காலம் எடுத்தார்.

"மெயில் எதுவும் வரலையே, யாரு பேசுறது?"

என் பெயரைச் சொன்னேன். மெயில் வராததற்குக் காரணம் நான்தான் என்றும் சொன்னேன்.