கோட்டுக்கு வெளியே தாலி

அக்டோபர், செவ்வாய் இரவு. லண்டன்.

கல்யாணமாகி இருபத்தோரு நாள். ஊர் சுற்றிப் பார்க்க இன்றுதான் முதன்முதலாக வெளியே போனோம். காலையிலிருந்து விடாத மழை. ஆளுக்கொரு குடை. அவர் எப்போதும் நாலடி முன்னால்தான் நடந்தார்.

ஆற்றுப் பாலத்தில் இருவரையும் சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்துக் காரைக்குடிக்கு அனுப்பினார். உடனே மாமியார் கூப்பிட்டார். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏத்தா, வெறுங்கழுத்தாவுல்ல தெரியுது! தாலிய வெளிய எடுத்துவிட்டு இன்னொண்ணு அனுப்புங்க. பாக்குறவுக என்னையத்தான் கேப்பாக.”

“கோட்டுப் பட்டனக் கழட்டு. அம்மா காத்திருக்காக” என்றார் அவர்.

கழற்றினேன். சாரல் நெஞ்சுக்குள் இறங்கியது. தன் குடையை என் பக்கம் சாய்த்து, சங்கிலியை வெளியே இழுத்து, கோட்டின்மேல் நேராக வைத்தார். தோளில் கை போட்டார். படம் போனதும் கையும் குடையும் விலகின. இன்று அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு நிமிடம்தான். “சோடி அம்சமா இருக்கு” என்று மாமியாரிடமிருந்து பதில் வந்தது.

திரும்பும்போது துணிந்து கேட்டேன். “இன்னொரு படம் எடுப்பமா? யாருக்கும் அனுப்ப வேணாம். நமக்கு மட்டும்.”

“யாருக்கும் அனுப்பாம அத வச்சு என்ன செய்ய?”

கேலி இல்லை, கோபமும் இல்லை. நின்று, என் முகத்தைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கோபமென்றால் ஆறும்வரை காத்திருக்கலாம். இதற்கு எதுவரை காத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.