தெரிந்த மொழிகள்

குளத்தூர்
9 ஜூன் 2025, திங்கள், காலை 10.42

தீபு,

இன்றோடு 143 விண்ணப்பம். 97-க்குப் பதிலே இல்லை. 44 நிராகரிப்பு. இரண்டு நேர்முகம், இரண்டிலும் "பிறகு தெரிவிக்கிறோம்."

நேற்று வேலைத் தளத்தைத் திறந்ததும் உன் படம் வந்தது. சர்வீஸ் இன்ஜினியர் டிரெய்னி, மார்த்தாண்டம் கிளை. ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனை மெஷின்களைப் பழுது பார்க்கும் கம்பெனி. மே மாதம் நீ எனக்கு லிங்க் அனுப்பிய அதே வேலை. நான் போட்ட இரண்டாவது நிமிடத்தில் என்னைத் தள்ளினார்கள். உன்னை எடுத்திருக்கிறார்கள். நீ சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

நேராகக் கேட்கிறேன். நாலு வருடம் ஒரே பெஞ்சில் இருந்தோம். என் மதிப்பெண் 8.4, உன்னுடையது 6.1. லேபில் உன் சர்க்யூட்டில் பாதியைச் செய்தது நான். அப்படியிருக்க, யாரைப் பிடித்தாய்? உன் மாமன் கருணாகரன் பேசினாரா?

பதில் எழுதாதே. உன் எண்ணை பிளாக் செய்துவிட்டேன். உன் மெயில் நேராகக் குப்பைக்குப் போகும்.

மனு


கோயம்புத்தூர்
10 ஜூன், செவ்வாய்

மக்கா மனு,

எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராதுன்னு உனக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல போன் எழுதுது. தப்பிருந்தா பொறுத்துக்கோ.

மாமன் என்கிட்டயே பேசுறதில்ல, எனக்காகவா பேசப் போறாரு? ஆனா, வேலை கிடைச்சத சொல்லாதது தப்புதான். நீ இருக்கிற இருப்புல எப்படிச் சொல்லன்னு பயந்துட்டேன். அதுக்குள்ள டிரெய்னிங்குக்கு இங்க அனுப்பிட்டாங்க. சனிக்கிழமை திரும்பி வாறேன்.

இனி காரியத்தக் கேளு. எல்லைக்கு ரெண்டு பக்கத்து ஆஸ்பத்திரியும் நாங்கதான் பார்க்கணும். நெய்யாற்றின்கரையில மலையாளம், களியக்காவிளையில தமிழ். ரெண்டும் வேணும். எங்க மேனேஜர் ஜோஸ்னா மேடம் நேர்முகத்துல, "நீ தமிழ் எங்க படிச்ச?"ன்னு கேட்டாங்க. "கூட்டுகாரன் வீட்டுல மீன்கறி தின்னு படிச்சேன் மேடம்"னேன். உன் வீட்டத்தான் சொன்னேன். சிரிச்சிட்டாங்க. எடுத்துட்டாங்க.

இன்னும் ஒரு ஆள் வேணுமாம். உன் பேரைச் சொன்னேன். மேடம் உன் புரொபைலைப் படம் பிடிச்சு எனக்கு அனுப்பினாங்க. தெரிந்த மொழிகள்: மலையாளம், ஆங்கிலம், இந்தி. "தமிழ் தெரியாத ஆளையா சொல்லுத?"ன்னு கீழ ஒரு கேள்வி. எலே, பத்தாங்கிளாஸ் வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவன் நீ! தளத்துக்கு நீ டிக் பண்ணினது மட்டுந்தான் தெரியும். அதாக்கும் ரெண்டு நிமிஷத்துல தள்ளினது.

வியாழன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடைப்பாங்க. நான் சொன்னா போதாதாம், தளத்துல இருக்கணுமாம். தமிழைச் சேர்த்து மறுபடி போடு. ஏன்லே விட்ட, மறந்துட்டியா?

புஷ்பபாய் அம்மைய கேட்டதா சொல்லு.

தீபு


கோயம்புத்தூர்
12 ஜூன், வியாழன், மாலை 4.20

மனு,

இன்னும் நாப்பது நிமிஷம் உண்டு. அம்மைய ஆறு தடவை விளிச்சேன், எடுக்கல. தொழிலுறப்புக்கு, அந்த நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாங்க, போன் வீட்டுல கிடக்கும். நீயும் அங்கதானே இருப்ப? மணி அடிச்சா எடுக்க மாட்டியா? குப்பையையாவது ஒரு தடவை பாருலே.

தீபு


குளத்தூர்
13 ஜூன், வெள்ளி, காலை 6.50

தீபு,

அம்மாவின் போன் என் பக்கத்தில்தான் அடித்தது. ஆறு முறையும் உன் பெயரைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்தேன்.

ஐந்தரைக்கு அம்மா வந்து உன்னிடம் பேசினாள் அல்லவா? பேசி முடித்து, மண்வெட்டியைக்கூடச் சாய்த்து வைக்காமல் என் முன்னால் வந்து நின்றாள். "எலே, அந்தப் பிள்ளை கிடந்து விளிக்கான், நீ அவன அடைச்சு வச்சிட்டு இங்க இருக்கியா? தமிழ் தெரியாதுன்னு எழுதினியாமே. அப்போ நான் இத்தற வருஷமா எந்த பாஷையிலலே உன்ன சோறு திங்க விளிச்சேன்?" என்றாள். 

குப்பையிலிருந்து உன் இரண்டு மெயிலையும் எடுத்துப் படித்து முடித்தபோது மணி 5.48. அந்த வேலையின் பக்கத்தை அடைத்துவிட்டிருந்தார்கள்.

மறக்கவில்லை. தெரிந்தே விட்டேன். இரண்டாம் வருடம், காலேஜ் கேன்டீன், சுற்றிலும் மலையாளப் பையன்கள். அம்மா போனில் கூப்பிட்டாள். "இப்பம் வாறேன், சோறு எடுத்து வை" என்றேன். உண்ணி மேஜையைத் தட்டி, "கேட்டோ, நம்மட பாண்டி!" என்றான். தமிழனைக் குத்த அங்கே அந்த ஒரு சொல் போதும். மேஜை முழுக்கச் சிரித்தது. அன்று சாயங்காலம்தான் அந்தத் தளத்தில் முதன்முதலாக என் விவரங்களை நிரப்பினேன். மொழிகள் என்று ஒரு கட்டம் வந்தது. தமிழுக்கு நேரே விரல் போனது, தொடாமல் திரும்பியது. பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. நீ அனுப்பிய விளம்பரத்தையும் படிக்கவில்லை. பொத்தானை மட்டும் அழுத்தினேன்.

உன் மாமனைப் பற்றி எழுதியது அசிங்கம். மன்னித்துக்கொள்.

இனிச் செய்யப்போவது:

1. இந்த மெயிலை அனுப்பியதும் மொழிகளில் தமிழைச் சேர்ப்பேன். பள்ளியின் பெயர், தமிழ் மீடியம், பத்து வருடம், எல்லாம் முழுதாக.

2. ஒன்பது மணிக்குச் சான்றிதழ்களோடு மார்த்தாண்டம் கிளைக்குப் போவேன். நேரம் முடிந்தது என்பார்கள். எதை மறைத்தேன், ஏன் மறைத்தேன் என்று நானே ஜோஸ்னா மேடத்திடம் சொல்வேன். நீ எனக்காகப் பேச வேண்டாம்.

3. முடியாது என்றால், திரும்பி வந்து 144-ஆவதைப் போடுவேன். கடைசி வரி வரை படித்துவிட்டு.

4. நாளை நீ பாறசாலையில் ரயில் இறங்கும்போது அங்கே நிற்பேன். அன்று அந்த மேஜையில் நீயும் இருந்தாய், தீபு. நீயும் சிரித்தாய். முதலில் அதைப் பேசுவோம்.

மனு