செசியில் இருந்த இலக்கம்

கொட்டாஞ்சேனை,
16.03.1998, திங்கட்கிழமை

அன்பு மகள் அருள்நாயகிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிரில் ஒரு வருத்தமும் வராமல் இருக்க வேண்டும் என்று செவ்வாய்க்குச் செவ்வாய் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மன்றாடி வருகிறோம். இதற்கு அடுத்த வரியில் நாங்களும் சுகம் என்று எழுதுவது என் வழக்கம். இந்த முறை அதை எழுதவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன், பதறாமல் கடைசிவரை வாசி. இதைத் தபாலில் போட எனக்கு மனமில்லை, யார் யார் பிரித்துப் பார்க்கிறார்களோ தெரியாது. பக்கத்து ஒழுங்கை பேதுருவின் மனைவி வியாழக்கிழமை ரொறன்ரோவுக்கு வருகிறா, அவவின் கையில் கொடுத்து விடுகிறேன்.

முதலில் நீ கேட்ட விஷயம். மருமகன் வேலைக்கு என்று ஒரு பழைய பிக்கப் பார்த்திருக்கிறார், ஒன்பது வருடம் ஓடியது, எஞ்சின் நல்ல சத்தம், கீழே எல்லாம் புதிதாகக் கறுப்புப் பூசி வடிவாக வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அந்தக் கறுப்பு என்ற சொல்லை வாசித்தவுடனே கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன், பிறகு பின்னேரம்தான் மிச்சத்தை வாசித்தேன். உங்கள் ஊரில் பனிக்கு ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள் என்று நீதானே முன்னர் எழுதினாய், இங்கே கடல்காற்று, அங்கே ரோட்டு உப்பு, இரும்பைத் தின்பதில் இரண்டும் ஒன்றுதான். பழைய வண்டிக்குக் கீழே புதுக் கறுப்பு இருந்தால் எதையோ மூடியிருக்கிறான் என்றுதான் நினைக்க வேண்டும். மருமகனை ஒரு சுத்தியலும் ஒரு ஸ்குறூட்றைவரும் கொண்டு போகச் சொல். மல்லாக்கப் படுத்து, வண்டியின் அடிச்சட்டத்தை, அதுதான் செசி, அதை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தட்டிப் பார்க்கட்டும். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், கறள் தின்ற இரும்பு டொக் என்று கேட்கும். வில்லுத்தட்டு கொழுவியிருக்கிற இடம், சில்லுகளுக்குப் பின்பக்கம், பிறேக் குழாய் போகிற வழி, இந்த மூன்று இடத்திலும் ஸ்குறூட்றைவரால் குத்திப் பார்க்கட்டும். உள்ளே போனால் எழும்பி வீட்டுக்கு வரட்டும், விலை பேச நிற்க வேண்டாம். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் போடலாம், செசி போனால் வண்டி போய்விட்டது.

இவ்வளவும் தெரிந்த மனுசன் தம்பி கிளறன்சின் பிக்கப்பை எப்படி வாங்க விட்டார் என்று நீ கேட்பாய். கேட்க வேண்டும்தான். துறைமுக வேர்க்‌ஷொப்பில் முப்பத்தொரு வருடம் லொறிகளுக்குக் கீழே கிடந்தவன் நான். போன ஜூனில் உன் தம்பி மீன் வியாபாரத்துக்கு என்று அந்தப் பிக்கப்பைப் பார்த்துவிட்டு வந்து, அப்பா நீங்கள் ஒருக்கால் வந்து பாருங்கோ, நீங்கள் ஓம் எண்டால்தான் வாங்குவன் என்றான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வத்தளைக்குப் போனோம். நான் கோயிலுக்கு உடுத்த வெள்ளைக் காற்சட்டையோடு நின்றேன். எஞ்சினைப் போட்டுக் கேட்டேன், கதவைத் திறந்து மூடினேன், ரயரை உதைத்துப் பார்த்தேன். குனிந்து பார்த்தபோது கீழே கன்னங்கரேல் என்று மினுங்கியது. படுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அருள். முந்தின நாள் மழை, நிலமெல்லாம் சேறு, காற்சட்டை பழுதாகிவிடுமே என்று யோசித்தேன். பிழையில்லை, எடு என்று சொல்லிவிட்டேன். பையன் அந்த இடத்திலேயே என் கையைப் பிடித்துக் கொஞ்சினான்.

மூன்று மாதம்கூட அது ஒழுங்காக ஓடவில்லை. மீனும் ஐசும் ஏற்றுகிற வண்டி, உப்புத் தண்ணீர் பின்தட்டில் இருந்த ஓட்டைகளால் ஒழுகி ஒழுகி நேரே செசியில்தான் விழுந்தது. மழை பெய்தால் ஸ்ராட் வராது. ஓகஸ்ற்றில் பிறேக் குழாய் கறளில் வெடித்து, ஆமர் வீதிச் சந்தியில் ஒரு பஸ்சோடு மோதப் பார்த்தான். செப்டெம்பரில் கோட்டைப் பக்கம் போகும்போது பின்வில்லு கழன்று வண்டி நடுரோட்டில் குந்திவிட்டது. மற்ற ஆட்களுக்கு வண்டி பழுதானால் பழுதானதுதான், இந்தக் காலத்தில் தமிழ்ப் பையனின் வண்டி கோட்டையில் நின்றால் ஆமிக்காரன் சுற்றி நின்று துவக்கை நீட்டுவான். ஒரு மணித்தியாலம் அவனைத் தார் ரோட்டில் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள், வயிறெல்லாம் கொப்புளம். அம்மா எண்ணெய் பூசிக்கொண்டே அழுதா. வித்துத் தொலை என்று நான் கத்தினேன். இதை ஆர் அப்பா வாங்குவான் என்று அவன் சிரித்தான்.

அதற்குப் பிறகு மாளிகாவத்தை இஸ்ஸதீன் பாசிடம் கொண்டு போனேன். என்னோடு வேர்க்‌ஷொப்பில் இருந்த மனிதர், இப்போது சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறார். அவர் கீழே பூசியிருந்த கறுப்புத் தாரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, வலப்பக்க முன்சில்லுக்கு மேலே ஒரு முழ நீளம் செசி கடதாசியாகிவிட்டது, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் பண்ணினால்தான் தாங்கும், ஆனால் செசி இலக்கம் அடித்திருக்கிற இடம் அதுதான் என்றார். முதலில் பொலிஸில் ஒரு முறைப்பாடு போட்டு, மோட்டார் கந்தோரில் காட்டிக் கடிதம் எடுத்து வாருங்கோ, பிறகு நான் வெட்டுறன் என்று இரண்டு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. உன் தம்பியின் அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருக்கிறது, அதைக் கொண்டு நாங்களாகவே பொலிஸ் வாசலுக்குப் போய், ஐயா எங்கள் வண்டி இலக்கத்தை அழிக்கப் போகிறோம் என்று சொல்வதா? கூப்பிட்டாலே போக நடுங்குகிற இடம் அது. பிறகு ஆறுதலாகப் பார்ப்போம், நீர் வெட்டும், வந்தால் நான் பதில் சொல்லுறன் என்று அவரை அதட்டினேன். அவர் வெட்டினார், நான் பக்கத்தில் ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்த பிறகு தகட்டின் மேல் கறுப்புத் தார் பூசச் சொன்னவனும் நான்தான்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் திகதி பகல் பதினொரு மணிக்கு வெள்ளவத்தைப் பாலத்தடி ஆமிச் சென்றியில் அவனை மறித்து, வண்டிக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். பழைய வண்டியில் புதுத் தகடு, மேலே புதுத் தார். உள்ளுக்குள் என்ன ஒளித்தாய் என்று கேட்டுத் தகட்டைக் கிழித்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு வண்டிப் புத்தகத்தைப் பார்த்துச் செசி இலக்கத்தைத் தேடினார்கள், அதுவும் இல்லை. அவ்வளவுதான், குண்டு வைக்க எடுத்த களவு வண்டி என்று அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீர்கொழும்பில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று போனில் உனக்கு அம்மா சொன்னது பொய், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். இன்றோடு பதினொரு கிழமை. இரண்டு தரம் பார்க்க விட்டார்கள். இடக்கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டே கதைத்தான், நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவில்லை. தான்தான் ரோட்டோரம் யாரோ ஒரு ஆளிடம் கொடுத்து வெட்டினதாகவும், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்றும் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறான். அப்பா நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ, உங்களுக்குப் பிறசர் என்று என்னிடம் மெல்லச் சொன்னான். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பதினொரு கிழமையாக வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன் மகள், என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன வெள்ளி இஸ்ஸதீன் பாஸ் வீட்டுக்கு வந்தார். சீமெந்துக் கடதாசியில் சுற்றி ஒரு சாமான் கொண்டு வந்து மேசையில் வைத்தார். அன்றைக்கு வெட்டின துண்டு. மனம் கேட்கவில்லை, எறியாமல் வைத்திருந்தேன் என்றார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம், இலக்கம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, புத்தகத்தில் இருக்கிற அதே இலக்கம், கடைசி எண் மட்டும் இல்லை, அந்த இடம் தொட்டவுடனே பொடியாகக் கொட்டியது. தம்பிக்காக வைத்திருக்கிற லோயரிடம் காட்டினேன். துண்டு மட்டும் போதாது, வெட்டுவித்தவர் வந்து தன் வாயால் சொன்னால் நீதவானிடம் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் சொல்கிறவரையும் உள்ளே போடுவார்கள், வயதைப் பார்க்க மாட்டார்கள் என்றார். இஸ்ஸதீன் தானும் வருகிறேன் என்று நின்றார், அவருக்கு ஐந்து பெண்பிள்ளைகள், வரக்கூடாது என்று ஏசி அனுப்பினேன். வெட்டியதும் நான், வெல்டிங் பண்ணியதும் நான் என்று சொல்லப் போகிறேன். முப்பத்தொரு வருடம் வேர்க்‌ஷொப்பில் இருந்தவன் சொன்னால் நம்புவார்கள்.

நாளைக்குக் காலமை நீதவானிடம் போகிறேன். அம்மாவுக்குத் தெரியாது, செவ்வாய் என்றபடியால் கொச்சிக்கடைக்குப் போகிறேன் என்று நினைத்து அந்த வெள்ளைக் காற்சட்டையை ஸ்திரி போட்டுக் கதிரையில் விரித்து வைத்திருக்கிறா. துண்டை அதே சீமெந்துக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறேன். உனக்கு இது கிடைக்கும்போது என் காரியம் ஒரு வழியாக முடிந்திருக்கும். கிடைத்தவுடனே அம்மாவுக்குப் போன் எடு. தம்பி எடுத்தால் கர்த்தருக்குத் தோத்திரம். அம்மா தனியே எடுத்தால் அழாதே, கிழமைக்கு இரண்டு தரம் எடு, மருந்து போட்டாவா என்று கேள்.

உனக்கும் மருமகனுக்கும் சின்னவளுக்கும் மாதா துணையிருப்பா, ஆண்டவர் உங்கள் வாசலைக் காப்பார், என் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு இருக்கும். சொன்னதை மறக்க வேண்டாம், பிக்கப் பார்க்கப் போகிற அன்று மருமகனைப் பழைய உடுப்போடு போகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹியூபேட்