வடிகட்டாத தண்ணீர்

அக்கா,

இன்று பள்ளிக்கூடத்தில் காலரா ஊசி போட்டார்கள். வரிசையில் என் முறை வந்தபோது நர்ஸம்மா என் கையைப் பிடித்துப் பஞ்சால் துடைத்தார். ஸ்பிரிட் வாசனை. ஊசி குத்துவதற்கு முன்பே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னாம்மா, பத்தாவது படிக்கிற பொண்ணு, இதுக்குப் போயி அழுவுற?" என்று அவர் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அது உன் புடவை வாசனை என்று நான் யாரிடம் சொல்ல முடியும்?

கை வீங்கிச் சுடுகிறது. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். மண்டிக்குப் போகிற மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் சிமினி விளக்கைச் சிறிதாக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பூச்சி எதுவும் தீயில் விழுந்துவிடாதபடி ஒரு கையால் மறைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கம் உனக்கும் கடைசிவரை விட்டுப்போகவில்லை. அம்மா எழுந்து வந்தால் கைவலி, தூக்கம் வரவில்லை என்று சொல்லலாம். அது பொய்யில்லை.

நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வந்தவாசிப் பக்கம், நம் ஜைன ஜனங்கள்தான். நஞ்சை நிலம் இருக்கிறதாம், மேலே படிக்க வைப்பார்களாம். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு கேள்வி மட்டும் கேட்பார்கள், அதையும் என்னிடம்தான் கேட்பார்கள் என்று அத்தை சொல்கிறாள். உன் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? நான் ஒரே பெண் என்று சொல்ல வேண்டும். உன் சேதி அவர்கள் காதுக்கும் எட்டியிருக்கும். செஞ்சியில் நடந்தது வந்தவாசிக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் என் வாயால் நீ இல்லை என்று கேட்டுவிட்டால் அவர்களுக்குப் போதும். சொல்லாவிட்டால் இந்த இடம் போய்விடும். இதற்குமேல் இன்னோர் இடம் வராது. அதைவிட, நைனாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

நீ இரண்டு தடவை செத்துப்போனாய். முதல் தடவை எனக்கு விவரம் தெரியாத வயது.

திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி வாத்தியார் பயிற்சி படித்தாய். அங்கேயே ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு லீவுக்கு வந்தாய். மறைத்திருக்கலாம். மனசுக்குள் வைத்துக்கொண்டு வீட்டில் பழையபடி இருக்கிற பெண்கள் உண்டு என்று நீயே பிறகு சொல்லியிருக்கிறாய். நீ பெட்டியை இறக்கி வைத்த கையோடு நைனாவிடம் சொல்லிவிட்டாய். நைனா கத்தவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். மழை நாளில் தெருவில் எறும்பு வரிசை குறுக்கே போனால் அது முடியும்வரை குடையோடு நிற்கிறவர். உன்னிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தார். மேல்சித்தாமூர் மடத்துக்குக் கூட்டிப்போய்ப் பெரியவர் முன்னால் உட்காரவைத்தார். அவரும் அன்பாகத்தான் கேட்டாராம். நீ தலையைக் குனிந்துகொண்டே, வேறு மாதிரி சொல்ல வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாயாம்.

ஊருக்குத் திரும்பி வந்த மத்தியானம் நைனா நேராகக் கிணற்றடிக்குப் போனார். வேட்டி சட்டையோடு நின்று தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு அம்மாவுக்கு, அத்தைக்கு, கடைசியில் எனக்கு. எண்ணெய் இல்லை, சீயக்காய் இல்லை. சாவுக்குக் குளிப்பதுபோல் தலைமுழுக்கு. எனக்கு அது தெரியவில்லை. வெயிலுக்குக் குளுகுளுவென்று இருந்ததால் சிரித்தேன். நீ தகரப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்காகக் குளிக்கிறோம் என்று உனக்குத் தெரியும். நீ அழவில்லை. போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

"பாப்பாவுக்குத் தலைய நல்லாத் தொவட்டுங்க. சளி புடிச்சிக்கும்."

செத்தவர்கள் பேசினால் எப்படிப் பதில் சொல்வது? ஆனால் அம்மா என் தலையைத் துவட்டினாள். வலிக்க வலிக்கத் துவட்டினாள்.

அதன்பிறகு வீட்டில் உன் பெயர் இல்லை. உனக்கு என்று பேசி வைத்திருந்த மாமா மகன் அடுத்த தையில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். உனக்கு அவனைப் பிடிக்கும். அதை நான் அறிவேன், ஏனென்றால் அவன் வரும்போதெல்லாம் என்னைத்தான் மோர் கொண்டுபோகச் சொல்லி நீ கதவுக்குப் பின்னால் நிற்பாய். பிறகு நாம் சந்தித்த காலத்தில் அவனைப் பற்றி ஒரே தடவைதான் கேட்டாய். "கொழந்த பொறந்துச்சா?" பிறந்துவிட்டது என்றேன். "நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

நீ வாத்தியார் வேலைக்குப் போகவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, ஊர் ஊராக வைத்தியம் பார்க்கப் போகிற வண்டியில் போனாய். அந்த வண்டி செஞ்சிக்கு வரும் நாட்களில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது அகழி ஓரம் வந்து நிற்பாய். வெள்ளைப் புடவை, வெடித்த கால், அந்த ஸ்பிரிட் வாசனை. நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவேன், நீ கொஞ்சம் தள்ளி உட்காருவாய், யாராவது பார்த்தால் வேறு வேறு ஆட்கள்போல் இருக்கட்டும் என்று. அம்மா கட்டிக்கொடுத்த சோறு என்பதால் உனக்கு ஒரு வாய் கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாய்.

அப்போது ஒரு நாள்தான் அந்தத் தண்ணீர்க் கதையைச் சொன்னாய்.

நம் வீட்டில் வடிகட்டாத தண்ணீரை யாரும் குடித்ததில்லை. குடத்தின் வாயில் துணியைக் கட்டி ஊற்றுவாள் அம்மா. பிறகு அந்தத் துணியைத் திருப்பி, அதே கிணற்றிலேயே அலசி விடுவாள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அவை இருந்த இடத்துக்கே போக வேண்டும். நீ கிறிஸ்தவளான பிறகும் உன் பையில் அந்தத் துணி இருந்தது. அவலூர்பேட்டைக்கு அப்பால் ஒரு சேரியில் காய்ச்சல் பார்க்கப் போனபோது ஒரு கிழவி உனக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். நீ பழக்கத்தில் பையிலிருந்து துணியை எடுத்துச் செம்பின் மேல் விரித்தாய். கிழவி செம்பைச் சட்டென்று இழுத்துக்கொண்டாளாம்.

"எங்க தண்ணின்னா துணி போட்டுத்தான் குடிப்பீங்களா? நீயும் அவுங்களாட்டந்தானா தாயி?"

இது எங்கள் வீட்டு வழக்கம், யார் தண்ணீரானாலும் இப்படித்தான் என்று நீ சொல்லிப் பார்த்தாய். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? அவள் கையால் யாரும் எதையும் வாங்கிக் குடித்ததில்லை. நீ துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, செம்பைக் கேட்டு வாங்கி, முழுவதையும் குடித்தாய். அன்றிலிருந்து எந்தச் சேரியில் எவர் கொடுத்தாலும் அப்படியே குடித்தாய். "ஞானஸ்நானம் வாங்கினப்போகூட எனக்கு இவ்ளோ கஷ்டமா இல்ல கண்ணு. அந்தத் துணிய மடிச்சப்பதான் வீட்ட வுட்டு வந்த மாதிரி இருந்துது" என்று சொன்னாய்.

நானும் உன் சாமியைக் கும்பிடுகிறேன் என்று அன்றைக்குத்தான் உன்னிடம் சொன்னேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். உன் முகம் வெளுத்துப்போனது. யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டாய். இல்லை என்றதும் என் தலையில் கை வைத்தாய். "சொல்லாத. நான் எவ்ளோ குடுத்துட்டேன்னு எனக்கே இன்னும் தெரில. உன்னியும் சேத்துக் குடுக்கச் சொல்ல எனக்கு உரிமையில்ல. பெரியவளாயி நீயே யோசிச்சிப் பாரு." அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இரண்டாவது சாவு ஒரு சாயங்காலம் வந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று நைனா மண்டியிலிருந்து வந்து இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். உன்னோடு வேலை செய்த வயதான அம்மா ஒருவர் பஸ் பிடித்து வந்து தெருவில் நின்று கூப்பிட்டார். உனக்கு வாந்திபேதி கண்டது என்றும், ஒரு ராத்திரிக்குள் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். நைனா இலையை விட்டு எழாமலே பேசினார்.

"அந்தப் பொண்ணு செத்து ரொம்ப நாளாச்சும்மா. நாங்க குளிச்சிட்டோம்."

"உங்க பொண்ணு நேத்துதாங்க செத்துச்சி" என்றார் அந்த அம்மா.

அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். நாங்கள் மற்ற எல்லாரும் கொதிக்க வைத்த தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போவோம், இவள் மட்டும் அந்த ஜனங்கள் கொடுத்ததைத்தான் குடிப்பாள், எத்தனையோ சொன்னோம் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் குளிக்கவில்லை அக்கா. யாரும் குளிக்கவில்லை. ஒரு சாவுக்கு ஒரு குளியல்தான். அத்தை குழம்பை எடுத்து வந்தாள். நைனா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சுவரில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் "இருட்டிடுச்சி, இனிமே சாப்புடக் கூடாது" என்று எழுந்து கை கழுவினார். அதற்கு முன்பே அம்மா எனக்கு மட்டும் போட்டிருந்தாள். நீ சாப்பிடவில்லையா என்று அத்தை கேட்டதற்கு, இன்றைக்கு உபவாசம் என்றாள். "அட்டமியும் இல்ல, சதுர்த்தசியும் இல்ல, இன்னா உபவாசம்?" என்றாள் அத்தை. "எனக்கு உபவாசம்" என்றாள் அம்மா. மறுநாளும் அவளுக்கு உபவாசம்தான்.

உன்னிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் இந்தக் காகிதத்தை முடிக்க மாட்டேன். அந்தக் கிழவிக்கு ஒரு தடவை குடித்துக் காட்டினாய், சரி. பிறகும் ஏன்? தண்ணீரில் என்ன இருக்கும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் நீ. உன் சாமி உன்னிடம் அதைக் கேட்டாரா, இல்லை நீயாகக் கொடுத்தாயா? அம்மாவின் துணி இருந்திருந்தால் பிழைத்திருப்பாயோ என்று நான் ராத்திரியெல்லாம் நினைக்கிறேன். அப்படி நினைத்து முடித்ததும், கிழவி செம்பை இழுத்துக்கொண்ட கை கண்ணில் வருகிறது. நான் உன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. உன் சாமியிடம் கேட்கிறேன்.

இன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அத்தை எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டு அம்மாபோல் குரலை மாற்றிக்கொண்டு என்னை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சமைக்கத் தெரியுமா, கோலம் போடுவியா. எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு, "கூடப் பொறந்தவங்க எத்தினி பேரும்மா?" என்றாள். நான் ஒரே பெண் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஒரு அக்கா" என்று வந்துவிட்டது.

அத்தை கையை ஓங்கிவிட்டாள். "ஒண்ணு சிலுவையத் தேடிப் போச்சி. இத எங்க போவ வுடப் போற நீ?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா பின்னலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தை எழுந்து போன பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நாளைக்கும் அப்பிடித்தான் வருமாடி?"

தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்றேன். அம்மா பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். பிறகு சொன்னாள்:

"சொல்றதா இருந்தா அழாம சொல்லு. அழுதா அவ ஏதோ தப்புப் பண்ண மாதிரி ஆயிடும்."

நாளைக்கு நைனா என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எதற்காகவும் பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நான் உண்மையைச் சொல்வதைக் கேட்கும்போது அவர் எழுந்து கிணற்றடிக்குப் போவாரோ, அங்கேயே உட்கார்ந்திருப்பாரோ, எனக்குத் தெரியாது. உன் சாமியைப் பற்றி நான் நாளைக்கு எதுவும் சொல்ல மாட்டேன். அவ்வளவு தைரியம் என்னிடம் இல்லை. உன்னைப் பற்றி மட்டும்தான். எனக்கு ஓர் அக்கா இருந்தாள். வாந்திபேதியில் செத்துப்போனாள்.

இந்த இரண்டையும் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். முதலாவது நன்றாக வருகிறது. இரண்டாவதில் பாதியிலேயே நின்றுவிடுகிறேன். விடிவதற்குள் பழகிக்கொள்ள வேண்டும்.